கண்ணுக்கு மல்பெரி

பட்டுநூலைத் தொட்டுப் பிழைக்கிறவன் நான். அதைக் கக்கும் புழுவை மட்டும் நினைத்துப் பார்க்க முடியாது, குமட்டும். மழை நாளில் நூலிலிருந்து ஒரு வாடை எழும்பும். செத்த புழு எழுந்து வந்து தோளில் கை போட்டதைப் போல இருக்கும். புழுவுக்கு ஏது கை என்று கேட்காதீர்கள், எனக்கு அப்படித்தான் இருக்கும். இப்பேர்ப்பட்டவனுக்கு அந்தப் புழு தின்கிற மல்பெரிச் செடியின் பழத்தையே வாங்கி வந்தாள் என் மகள்.

காரணம் என் கண். தறியில் இழை அறுந்தால் அதன் ஜோடியைத் தேடி முடிச்சுப் போட வேண்டும். நான் பக்கத்து இழையோடு முடிந்துவிடுவேன். நாலு விரல் நெய்ததும் புடவையில் நீளமாக ஒரு கோடு தெரியும். எனக்கல்ல, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளும் என் மனைவிக்கு.

"இன்னாங்க, பச்சையில போயி அரக்கு நூல முடிஞ்சி வச்சிக்கிறீங்க? கண்ணாடி போட்டாதான் இன்னா?"

"போட்டா மயில் கரை குடுக்க மாட்டாங்க. கண்ணு போச்சின்னு சாதா புடவைக்குத் தள்ளிடுவாங்க."

மயில் கரை என்றால் எனக்கு உயிர். தவிர, கண்ணாடி போட்டால் நான் மீசை வைத்த ஆந்தை.

மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் போனில் படித்துவிட்டு வந்தாள்.

"கருப்பா செவப்பா இருக்கிற பழத்துல ஆன்டிஆக்சிடன்ட் நெறைய இருக்குதுபா. செல்லு கெட்டுப்போவாம காப்பாத்தும். கண்ணுக்கும் நல்லதுன்றாங்க."

"அப்ப நாவப்பழம் வாங்கியாம்மா. அது மனுஷன் துன்றது."

"சீசன் இல்லபா. ஐயம்பேட்டையில ஒர்த்தர் தோட்டத்துல இதான் காய்ச்சிக்கினு இருக்குது."

முழுசாகக் கொடுத்தால் தின்ன மாட்டேன் என்று அரைத்தே கொடுத்தாள். சாயத் தொட்டியின் அடியில் தேங்கும் வண்டலின் நிறம். கொழகொழப்பு. நடுநடுவே நாராக ஏதோ தொண்டையில் இழுபடும். மூக்கைப் பிடித்து, கண்ணை இறுக மூடி, ஒரே மூச்சில் விழுங்குவேன். உடனே மிளகு போட்ட இட்லியை வாயில் அடைத்துக்கொள்வேன். அப்படியும் ஏப்பத்தில் திரும்பி வரும். டீக்கடையில் என் ஊதா நாக்கைப் பார்த்த ஒருவர் டம்ளரோடு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்.

வாரக்கணக்கில் குடித்தேன். வயிறு சுத்தமானது, கண் அப்படியே இருந்தது. "இப்ப பளிச்சுனு தெரியுது" என்று வீம்புக்குச் சொல்லி வைத்தேன். அன்றைக்கு நெய்ததில் மயிலின் கழுத்து வழியாகவே ஒரு கோடு ஓடியது. இன்னொரு தப்பு நடந்தால் மயில் கரையை வேறு தறிக்கு மாற்றிவிடுவதாக முதலாளி சொல்லியனுப்பினார். மனைவி என்னைக் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"பழம் நல்லதுதாங்க, சாப்பிடுங்க" என்றார் டாக்டர். "ஆனா வயசாயி கிட்டத்துல தெரியாமப் போறதைப் பழம் சரிபண்ணாது. கண்ணாடி போடுங்க."

"கண்ண மூடிக்கினே குடிச்சேன் சார். அதான் கண்ணுல ஏறலியோ?"

அவர் சிரிக்கவில்லை. சீட்டு எழுதினார்.

கண்ணாடி வந்தது. இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. பார்க்க வந்த முதலாளி என் மூஞ்சியைக் கவனிக்கவே இல்லை. புடவையைத் தடவிப் பார்த்து, "இதே மாதிரி நெய்யிபா" என்று போய்விட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலை சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். மிக்ஸிக்குப் பக்கத்தில் பழக் கிண்ணம். முதல் தடவையாக அதைக் கண்ணாடியோடு கிட்டத்தில் பார்க்கிறேன். பழத்தின் மேல் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

"இன்னாமா இது, ஆடுது!"

மகள் குனிந்து பார்த்தாள். "சின்னப் புழுபா. உப்புத் தண்ணியில ஊறவச்சா வெளிய வந்துடும்."

"இத்தினி நாளா ஊறவச்சியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

வாசல் சாக்கடைக்கு ஓடினேன். குனிந்ததும் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. குடலே வெளியே வந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தறியில் மயில் கரை இன்னும் பாதிதான் முடிந்திருந்தது.