ராத்திரியில் தொடங்கிய வருஷங்கள்

சேதி முதலில் என் மகளிடம்தான் வந்தது. ஆடித் தள்ளுபடியில் ஊரார் வாங்கிய துணியெல்லாம் என் கடையில் ரவிக்கையாக மாறிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். கைபேசி அடித்தது, கயல் எடுத்தாள். கயலுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டை விட்டு வெளியே போனால் வாய் திறக்க மாட்டாள். வெளியார் என்று அவள் பேசியது இந்த உலகத்தில் இரண்டே பேரிடம். ஒருவர் அவள் பெரியம்மா என்று கூப்பிடும் லூர்து அக்கா, இன்னொருத்தி அவர் மகள் நத்தாலி. அழைத்தது நத்தாலி. கயல் கேட்டாள். பிறகு கைபேசியை என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, துணி வெட்டும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அங்கே கடைசியாக உட்கார்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் கையில் இருந்த தையலை முடித்துவிட்டுத்தான் கைபேசியை எடுத்தேன். அதுவரை அதற்குள்ளிருந்து நத்தாலி, "சித்தி, அம்மா போயிட்டாங்க, சித்தி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

'இறைவனடி சேர்ந்தார்' என்று அவர் குடியிருந்த தருமபுரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள். அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு விசாவுக்காக எடுத்த படம் அது. சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று வந்து அக்காவே என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்ன படம். சிரிக்காத லூர்து அக்காவை ஊர் பார்த்தது அந்தச் சுவர்களில் மட்டும்தான். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

அவர் என்னிடம் முதலில் வந்தது ஈஸ்டர் ரவிக்கைக்கு அளவு கொடுக்க. கயலைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்த சமயம் அது. மூன்று வருடம் போயும் வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை, பெயரைக் கேட்டால்கூடச் சொல்லவில்லை, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் பகலெல்லாம் என் மேசைக்கு அடியில்தான் இருப்பாள். அளவு கொடுக்க நின்ற அக்கா கீழே குனிந்து அவளைப் பார்த்தார். "பேசாதுக்கா" என்றேன். "நான் கேக்கவே இல்லையே" என்றார் அவர். பேர் என்ன, என்ன படிக்கிறாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தபோதுதான் கீழேயிருந்து சத்தம் வந்தது: "அங்க குண்டூசி கெடக்கு." எனக்குக் கையிலிருந்த டேப் நழுவிவிட்டது. அக்கா மட்டும் ஒன்றும் நடக்காதது போல, "எங்க? காட்டு" என்று அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அளவு எடுக்கவே இல்லை.

நத்தாலியையும் அவர் வீட்டில் வைத்துத்தான் படிக்கவைத்தார் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. கொள்கை ஒன்றும் கிடையாது. அவர் கணவர் செபாஸ்தியான் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பாரிசுக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. வீடு கிடைத்ததும் இவர்களை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. பாதி வருடத்தில் கிளம்ப வேண்டியிருக்கும், எதற்குப் பள்ளியில் சேர்ப்பது, ஒரே ஒரு வருடம் நாமே பார்த்துக்கொள்வோம் என்று தொடங்கினார். வீடு கிடைக்கவில்லை. அந்த ஒரு வருடம் வருடா வருடம் வந்துகொண்டிருந்தது. அதனாலேயே அவர் எப்போதும் ஒரு வருடத்துக்கு மேல் திட்டம் போட்டதில்லை.

கயலையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னபோது அவர் சொன்னது இதுதான்: "செப்டம்பர் மொத திங்கக்கெழம ராந்த்ரே. அழைச்சிக்கிட்டு வந்துடு." எனக்குக் காதில் விழுந்தது 'ராத்திரி'. பகலெல்லாம் அவருக்கு வேலை இருக்கும், நமக்கென்ன வந்தது என்று எண்ணி, அந்தத் திங்கட்கிழமை விளக்கு வைத்த பிறகு கயலுக்குத் தலை சீவி, பூ வைத்து, கையில் டார்ச்சைக் கொடுத்து அழைத்துப் போனேன். அக்கா இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "காலையிலேந்து ஒன்னத்தான்டி பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். ராத்திரி என்றுதானே சொன்னீர்கள் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வெங்காயத் தட்டு கவிழ்ந்தது. ராந்த்ரே என்றால் பிரெஞ்சில் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திரும்புகிற நாளாம். "திரும்பி வர்றதுடி. திரும்பி வர்றதுக்குப் போயி டார்ச்சு அடிச்சிக்கிட்டு வந்திருக்கா பாரு." அன்று இரவே ரொட்டியும் வெண்ணெயும் வைத்து வருடத்தைத் தொடங்கிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் ராந்த்ரே விளக்கு வைத்த பிறகுதான். டார்ச் இல்லாமல் கயல் வர மாட்டாள்.

ஊரில் பள்ளிகள் ஜூனில் திறக்கும்போது நீங்கள் மட்டும் ஏன் செப்டம்பர் என்று ஒருமுறை கேட்டேன். "அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு தரம் ஆகஸ்ட்டுலதான் வர்றாரு. அப்பாவப் பாக்குற மாசத்துல புள்ளைக்குப் பின்னம் சொல்லிக் குடுக்கவா?" என்றார். தன் வீட்டு வருடம் அண்ணன் வந்து போன மறுநாள் தொடங்குகிறது, அதை எந்த ஆபீசும் மாற்ற முடியாது என்பது அவர் கட்சி.

வருடத்துக்குத் திட்டம் போடுகிற வேலையை மட்டும் ஜூனிலேயே தொடங்கிவிடுவார். முதல் தடவை எனக்காக உட்கார்ந்தபோது நான் பாடப் புத்தகங்களையெல்லாம் வாங்கி அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"இந்த வருஷம் ஒன் வீட்டுல எது நடக்காது? மொதல்ல அதச் சொல்லு. மிச்சம்தான் பள்ளிக்கூடம்."

"தீவாளிக்கு முன்னாடி நான் தல தூக்க மாட்டேன்க்கா. அப்பறம் கிறிஸ்துமஸ், பொங்கல்னு வரிசையா வந்துடும்."

"அப்ப ஐப்பசிலேந்து தை வரைக்கும் நீ இல்ல. கயல் இங்கேயே கெடக்கட்டும். வேற?"

"அவங்கப்பா லாரி எப்ப வரும்னு அவருக்கே தெரியாது."

"வேற?"

"கயலுக்குக் காலையில மொகமே தெளியாது. பத்து மணியாவும்."

"அடி, அதையில்ல மொதல்ல சொல்லியிருக்கணும்."

என் தையலை வைத்தே கணக்குச் சொல்லித்தரலாமே என்று யோசனை சொன்னேன். வாரிவிட்டார். "அந்த வேலையே வாணாம். புள்ளைக்குக் கணக்கும் வெறுத்துடும், தையலும் வெறுத்துடும்." மழைக் காலத்தில் ஊர்ப் பள்ளிக்கெல்லாம் விடுமுறை விடுவார்கள், எங்களுக்கு அப்போதுதான் பாடம் அதிகம். வெளியே தண்ணீர் நின்றால் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள், யாரும் வராத வீட்டில் கயல் சத்தமாக வாசிப்பாள் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். கார்த்திகையில் இரண்டு வாரத்தைப் புயலுக்கென்று காலியாக விட்டுவைப்பார். முதல் வருடம் அந்த வாரங்களில் வெயில் அடித்தது. பாடம் வைத்த வாரத்தில் புயல் வந்து, கூரைத் தகரம் பறந்து, திட்டம் மொத்தமும் கவிழ்ந்தது. நான் அழுகிற நிலையில் இருந்தேன். அவர் இன்னொரு காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் புதிதாகப் போட ஆரம்பித்தார். "திட்டத்தத்தான் மாத்தணும். புள்ளைய மாத்தப் போனா ரெண்டும் கெடும்" என்றார்.

குறையே இல்லாதவர் என்று சொன்னால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து அடிப்பார். கோபம் வந்தால் புத்தகம் பறக்கும். அவருக்கு ழகரம் வராது; கயல் ஒரு வருடம் முழுக்க 'வாளைப்பளம்' என்றே எழுதினாள். கேட்டால், "நம்மூருல பளத்துக்கு யாருடி நாக்க மடிக்கிறா" என்பார். அவர் பிரெஞ்சும் அரைகுறைதான். அடுப்பங்கரைச் சாமான்களின் பெயரும் நாலு வணக்கமும் தெரியும், அவ்வளவே. அதைத்தான் நத்தாலிக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

போன மாசி மாதத்தில் ஒருநாள், பாடம் முடிந்து மூன்று பேரும் முக்கு ரொட்டிக் கடைக்குப் போனார்கள். காசு கயல் கையில். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டபோது கயலின் வாய் திறந்ததாம். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டாள். அக்கா வேகமாக நடந்து என் கடைக்கே வந்து சொன்னார்: "வாய் தொறந்துச்சுடி. நான் பாத்தேன். அவசரப்பட வாணாம், அடுத்த வருஷத்துல ரொட்டிக் கடையப் போட்டுக்குவோம்." கணக்கு, அறிவியல் என்று எழுதுகிற அதே வரிசையில் 'ரொட்டிக் கடை' என்று எழுதப்போகிறார் என்று நினைத்து நினைத்து அன்று எனக்குத் தையல் கோணலாகவே போயிற்று. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் இல்லை.

பங்குனியில் வயிற்று வலி என்றார். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கணையத்தில் இருக்கிறது, முற்றிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கே அனுப்பினார்கள். ஜூனில், ஊர்ப் பள்ளிகள் திறந்த வாரத்தில், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் வீங்கியிருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தவர், பழக்க தோஷத்தில், "இந்த வருஷம் ஒன் வீட்டுல எது நடக்காது?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதில் கட்டிலில் படுத்திருந்தது. நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது.

"சரி, விடு. இந்தத் தரம் நீயே போட்டுக்க."

"எனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியலடி."

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. புயலுக்கு இரண்டு வாரம் ஒதுக்கத் தெரிந்தவருக்குத் தனக்கென்று ஒரு நாள் ஒதுக்கத் தெரியவில்லை. ஆகஸ்டுக்குச் சீட்டு எடுத்துவைத்திருந்த அண்ணன் ஜூலையிலேயே அடக்கத்துக்கு வந்தார். போகும்போது நத்தாலியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். வேறென்ன செய்வார்? கயலை நான் ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். பேச ஆரம்பித்ததும் கூட்டிவாருங்கள் என்றார்கள். இப்போது வீட்டிலும் அவள் பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. பசிக்கிறது என்பதற்கே தட்டை எடுத்து முன்னால் வைக்கிறாள்.

செப்டம்பர் முதல் திங்கள் வந்தது. விளக்கு வைத்ததும் கயல் தானே தலை சீவிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எங்கே என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. தருமபுரம் வரைக்கும் நடந்தோம். அக்கா வீட்டுக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. கயல் அதன் மேல் வெளிச்சத்தை அடித்தபடியே நின்றாள். அந்த நேரம் பார்த்து நத்தாலியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. கேட்டின் முன்னால் நின்றே கேட்டோம்.

"சித்தி, இன்னக்கி இங்க ராந்த்ரே. பகல்லதான் வெச்சாங்க. அவங்க பேசுறது ஒண்ணும் புரியல. நான் யாருகிட்டயும் பேசல. இங்க நான்தான், சித்தி, கயலு."

கயல் கைபேசியை வாங்கி, பதில் சொல்ல அந்த மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றாள். வாய் திறந்தது. பதிவானது தெருவில் போன வண்டிச் சத்தம்தான். அதையே அனுப்பினாள்.

லூர்து அக்கா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அவர் பொறுமை என்னிடம் இல்லை, தரையில் உட்காரும் அவர் மனசும் இல்லை. அந்தக் கேட்டின் முன்னால் வேறு எதுவும் தோன்றாமல் அதையே கேட்டேன்.

"இந்த வருஷம் நம்ம வீட்டுல எது நடக்காது கயலு?"

"பெரியம்மா வர மாட்டாங்க" என்றாள். வாரக் கணக்கில் கேட்காத குரல். அவர் கேட்பது போலவே, "வேற?" என்றேன்.

"ரொட்டிக் கடை."

மறுபடியும் 'வேற' என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கயல் டார்ச்சை அணைத்தாள். வந்த வழியே திரும்பி நடந்தோம்.