சர்வர்காரர் வீட்டுக் காலி ஃபோல்டர்

சர்வர்காரருக்கு அந்தப் பட்டம் பெண்டாட்டி வீட்டாரால் வந்தது. மாப்பிள்ளை ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார் என்று யாரோ சொல்லப்போக, மனைவியின் அத்தை, "எந்த ஓட்டல்ல?" என்று கேட்டுவிட்டார். பிறகு எவ்வளவு விளக்கியும் பயனில்லை. கொஞ்ச காலம் மாப்பிள்ளை முறைத்துப் பார்த்தார். அப்புறம் யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டார்.

ஆபீசில் அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏதாவது நின்றுபோனால்தான் மற்றவர்களுக்கு அவர் ஞாபகம் வரும். எதுவும் நிற்காத மாதங்களில், இப்படி ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதே பலருக்குத் தெரியாது. அதைத்தான் அவர் தன் கெட்டிக்காரத்தனமாக நினைத்திருந்தார். கம்பெனி தன் கணக்கையெல்லாம் கண்காணாத இடத்தில் இருக்கும் வாடகை மெஷின்களுக்கு மாற்றியபோது, இவர் இத்தனை நாள் என்ன செய்தார் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். சொல்ல ஆளில்லை. ஒரு பூங்கொத்தும் கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரை மாடிப்படிக்கு அடியில், துடைப்பமும் பழைய செருப்புகளும் கிடந்த இடத்தில் வைத்தார். லினக்ஸ் போட்டு அதை வீட்டுச் சர்வர் ஆக்கினார். வீட்டில் உள்ள எல்லாருடைய ஃபைல்களும் இனி இங்கேதான் இருக்கும், யாரும் எதையும் தொலைக்க மாட்டார்கள் என்று அறிவித்தார். வீட்டில் உள்ள எல்லாரும் என்றால் அவரும் மனைவியும்தான். ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். அவள் தன் சமாச்சாரங்களையெல்லாம் கைபேசியிலேயே வைத்திருந்தாள்.

மெஷின் இரவும் பகலும் மெல்ல முனகிக்கொண்டே இருந்தது. மனைவியின் தம்பி வரும்போதெல்லாம் அதைக் காதில் கைவைத்துக் கேட்பான்.

"மாமா, முனகற மாமியாரு எங்க வீட்டுலதான் இருக்காங்கன்னு நெனச்சேன். உங்க வீட்டுலயும் ஒருத்தங்க படிக்கட்டுக்குக் கீழ இருக்காங்களே."

"உன் போன் தொலைஞ்சா எங்கிட்டதான் வருவ" என்பார் சர்வர்காரர்.

"எதுக்கு வரணும்? எல்லாம் மேல இருக்கு, கம்பெனிக்காரன் பாத்துக்கறான். நீங்கதான் இன்னும் பெட்டியக் கட்டிப்புடிச்சிட்டுத் தூங்கறீங்க."

சர்வர்காரரிடம் இதற்குப் பதில் இருந்தது. கம்பெனிக்காரன் எப்படிப் பார்த்துக்கொள்வான் என்பது அவருக்குத் தெரியும். அப்படி ஒரு கம்பெனிக்காரனிடம்தான் அவர் வேலை பார்த்திருக்கிறார்.

மெஷினுக்கு உண்மையில் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான், அவர் மனைவி. அவள் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்பவள். ஒலிப்புத்தகக் கம்பெனி ஒன்று நாவல்களை அனுப்பும். இவள் வாசித்து அனுப்புவாள். கேட்பவர்களுக்கு அவள் குரல் பழக்கமாகிவிட்டிருந்தது. பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரி, "நீங்க பேசறத எங்கயோ கேட்டிருக்கேனே" என்று சொன்னதை அவள் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சாமான் அறையைக் காலி செய்து, நாலு சுவரிலும் பழைய மெத்தைகளை நிற்க வைத்து, நடுவில் ஒரு ஸ்டூலும் மைக்கும் லேப்டாப்பும் வைத்துக் கொடுத்தது சர்வர்காரர்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே எதுவும் கேட்காது.

அவள் பதிவு செய்வது நேரே மாடிப்படிக்கு அடியில் உள்ள மெஷினுக்குப் போய்விடும்படி செய்திருந்தார். லேப்டாப்பில் 'கதைகள்' என்று ஒரு காலி ஃபோல்டர். லேப்டாப் எழுந்திருக்கும்போது சர்வரில் உள்ள இடம் வந்து அந்த ஃபோல்டரில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மவுண்ட் என்று பெயர் என்றார். அவள் பெயரெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும், வாசிக்க வேண்டும், மறுபடி அமுக்க வேண்டும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஒருமுறை மின்சாரம் போய் வந்த பிறகு சர்வர் எழுந்திருக்கத் தாமதமாகி, அதற்காகக் காத்துக்கொண்டு லேப்டாப்பும் எழுந்திருக்காமல் அடம்பிடித்தது. ஒரு காலை நேர வேலை வீணாய்ப்போனது என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றே அவர் லேப்டாப்பின் அமைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தார். சர்வர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீ பாட்டுக்கு எழுந்து வேலையைப் பார் என்று அதற்கு அர்த்தம்.

அந்த வருடம் அவள் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. பயப்படும்படி இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பெரும்பாலோருக்குக் குரல் பழையபடி வந்துவிடும், சிலருக்கு மாறிவிடும் என்று அவர் சொன்னதில், அவள் 'சிலருக்கு' என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்போது அவள் கையில் இருந்தது செங்கல் கனத்துக்கு ஒரு குடும்ப நாவல். பாதி முடிந்திருந்தது. மிச்சத்தை இந்தக் குரலிலேயே முடித்துவிடுகிறேன், பாதிக் கதையில் ஆள் மாறினால் கேட்கிறவர்களுக்கு விட்டுப்போகும் என்று சொல்லிவிட்டு, சமையலைக்கூட அவர் தலையில் கட்டிவிட்டு அறைக்குள் போனாள். அனுப்புவதை மொத்தமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொண்டை வலிக்க வலிக்க வாசித்தாள். வெந்நீர் குடிக்க வெளியே வருவாள், சைகையில் ஏதாவது கேட்பாள், திரும்பப் போவாள்.

அவள் என்ன வாசிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. முன்பும் கேட்டதில்லை. ஒவ்வொரு ஃபைலும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரியும். அதில் யார் செத்தார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியாது.

இதற்கு நடுவில் இன்டர்நெட் கம்பெனி ஆட்கள் வந்து பழைய ரூட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிப் போனார்கள். சர்வர்காரர் அப்போது மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். புது ரூட்டர் வீட்டில் உள்ள எல்லா மெஷின்களுக்கும் புது முகவரி கொடுத்தது. லேப்டாப் மட்டும் சர்வரைப் பழைய முகவரியிலேயே தேடியது, கிடைக்கவில்லை, சொல்லிக்கொடுத்தபடி சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்தது.

அவளை மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. மருந்து மயக்கத்தில் தூங்குகிறாள். நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று நர்ஸ் அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து குளித்தார். பிறகு அந்த லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். இடமில்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் சர்வர் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. பழைய முகவரிக்குக் குரல் கொடுத்தார், பதில் இல்லை. மாடிப்படிக்கு அடியில் குனிந்து விளக்கைப் பார்த்தார். அது வழக்கம்போல மினுக்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஆள் இருக்கிறது, வீட்டு எண்தான் மாறியிருக்கிறது. ரூட்டருக்குள் போய்ப் புது முகவரியைக் கண்டுபிடித்தார், இனி மாறாதபடி கட்டிப்போட்டார், லேப்டாப்பிலும் திருத்தினார். 'கதைகள்' ஃபோல்டர் பழையபடி நிறைந்து தெரிந்தது. வரிசையாக நம்பர்கள். பல மாதங்களுக்குப் பிறகு தன் வேலையைச் செய்த திருப்தி அவர் முகத்தில் வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அது அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

ஆனால் டிஸ்க் இன்னும் நிரம்பியே இருந்தது. லேப்டாப்பில் உள்ளதையெல்லாம் ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டிப் பார்த்தார். பாதிகூட வரவில்லை. மிச்சப் பாதியை என்ன தின்றது என்று தெரியவில்லை. சோதனை ஒன்றை ஓட்டினார். டிஸ்க்கில் கோளாறு இல்லை என்றது. அதை அவர் நம்பவில்லை. பழைய டிஸ்க், கணக்குக் குழம்பியிருக்கும், எல்லாவற்றையும் அழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் ஓடும் என்று முடிவு செய்தார். முக்கியமானதெல்லாம் சர்வரில் இருக்கிறதே. அவள் வரும்போது லேப்டாப் புதுசு மாதிரி இருக்கட்டும்.

மாலைக்குள் முடிந்துவிட்டது. திரையைத் துணியால் துடைத்து, விசைப்பலகை இடுக்கில் இருந்த தூசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்து, ஸ்டூல் மேல் வைத்தார்.

அவள் கழுத்தில் கட்டோடு வீடு வந்து சேர்ந்தாள். இரண்டு வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வேண்டியதை போனில் தட்டிக் காட்டினாள். கம்பெனியில் இருந்து எடிட்டர் பெண் சர்வர்காரரைக் கூப்பிட்டது இரண்டாம் நாள். அக்கா எப்படி இருக்காங்க என்று விசாரித்துவிட்டு, இருபத்து நாலாம் அத்தியாயத்தில் இருந்து கடைசி வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை, முடித்துவிட்டதாகச் சொன்னார்களே, அனுப்ப முடியுமா என்று கேட்டது.

அவர் லேப்டாப்பைத் திறந்தார். இருபத்து மூன்றோடு நின்றிருந்தது. மாடிப்படிக்கு அடியில் போய் மெஷினையே நேராகப் பார்த்தார். அங்கேயும் இருபத்து மூன்றுதான். கட்டிலில் சாய்ந்திருந்த அவளிடம் வந்து, கடைசிப் பகுதியை எங்கே சேமித்தாள் என்று கேட்டார்.

அவள் போனில் தட்டிக் காட்டினாள். 'எப்பவும் போலதான். செவப்பு பட்டன்.'

அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கால்மாட்டில் ஒரு விரிப்பு மடித்துக் கிடந்தது. மவுண்ட் என்பதும் அப்படித்தான், காலிக் கட்டிலின் மேல் விரிப்பைப் போடுவது. விரிப்பு இல்லாத நாட்களில் கட்டில் மேல் எதை வைத்தாலும் கட்டில் வாங்கிக்கொள்ளும். அப்புறம் ஒருவர் வந்து விரிப்பைப் போட்டால், வைத்ததெல்லாம் அடியில் போய்விடும். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு விரிப்பு மட்டும்தான் தெரியும். ரூட்டர் மாறிய நாளில் இருந்து அவள் வாசித்ததெல்லாம் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கிலேயே விழுந்திருக்கிறது. அந்தக் காணாமல் போன பாதி அதுதான். டிஸ்க் பொய் சொல்லவில்லை. சோதனையும் பொய் சொல்லவில்லை. அவர் சரிசெய்தபோது அது மூடிக்கொண்டது. பிறகு அவரே அதைத் துடைத்தார்.

ஆபீசில் இதே தவறைச் செய்த ஒரு இளைஞனை அவர் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார்.

அவளிடம், "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் பார்த்தார். துடைத்த டிஸ்க்கில் மிச்சமிருப்பதைச் சுரண்டி எடுக்கும் நிரலை ஓட்டினார். மேலே புதிதாக எழுதப்பட்டவை பெரும்பாலானவற்றை அழித்துவிட்டிருந்தன. கிடைத்தவை பெயரில்லாத துண்டுகள். எது எந்த அத்தியாயம் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லாததால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். மனைவி வாசிப்பதை அவர் கேட்டது அதுவே முதல் தடவை.

ஒரு துண்டில் யாரோ ஒரு பெரியப்பா படகில் ஏறப்போய் நின்றுவிட்டார். ஒரு பெண் கதவைத் திறந்து, "இத்தனை நாள்" என்று சொல்லி, அதோடு நின்றாள். பக்கம் திரும்பும் சத்தம். வெந்நீர் விழுங்கும் சத்தம். பெரியப்பாவுக்கு அவள் குரலைக் கீழே இறக்கியிருந்தாள். குழந்தைகளுக்கு வேறு மாதிரி. இந்த வீட்டில் இத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. சேதமாகாமல் தப்பியவற்றில் நீளமான துண்டு ஒன்றில், ஒரு வாக்கியத்தின் நடுவில் தூரத்தில் துளைபோடும் மெஷின் அலறியது. அவர்தான், சமையலறையில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்தார். அவள் வாசிப்பதை நிறுத்தி, "செத்த நேரம் சும்மா இருக்க மாட்டாரா இந்த மனுஷன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வாக்கியத்தை மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தாள். அலுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் அதை இரண்டு மூன்று தடவை கேட்டார். அனுப்பக்கூடியதாக ஒரு அத்தியாயம்கூடத் தேறவில்லை.

டிஸ்க் செத்துப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்றான் மச்சினன். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவன் கிண்டல் செய்யாததே அவருக்குப் பயமாக இருந்தது.

"டிஸ்க் சாகறது உலகத்துல இல்லாததா மாமா? அக்கா என்ன பிரேதப் பரிசோதனையா பண்ணப்போவுது?"

சொல்லிவிடலாம்தான். அவளுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தபோது அந்த எண்ணத்தோடுதான் உட்கார்ந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் ரூட்டர், முகவரி, காலி ஃபோல்டர், மேலே ஒட்டிக்கொண்ட சர்வர், சொல்லாமல் எழுந்திரு என்று தான் லேப்டாப்புக்குக் கற்றுக்கொடுத்தது, துடைத்தது, எல்லாமே வரிசையாக வந்துவிட்டன. அவள் நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். குறுக்கிட அவளால் முடியாது. முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். போன் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

பிறகு வந்த நாட்களில் தண்ணீர் வேண்டும், மாத்திரை வேண்டும் என்பதற்குத் தட்டிக் காட்டினாள். மற்றபடி இருந்த மௌனத்தில் டாக்டருடையது எவ்வளவு, அவளுடையது எவ்வளவு என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கெடு முடிந்து அவள் பேசியபோது குரல் மாறித்தான் இருந்தது. உள்ளே ஏதோ சரளைக்கல் உருளுகிற மாதிரி. நாளாக ஆகச் சரியாகலாம் என்றார் டாக்டர். சரியாகாமலும் போகலாம். அவளே கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசினாள். அந்த எடிட்டர் பெண் முதலில் யாரென்று கேட்டது. மிச்ச அத்தியாயங்களை வேறு ஒரு பெண்ணிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டார்கள். இவளுக்கும் ஒரு வேலை சொன்னார்கள். குழந்தைகள் தொகுப்பு ஒன்றில் சூனியக்காரிக்கும் கிழட்டு ஓநாய்க்கும் பொருத்தமான குரல் தேடிக்கொண்டிருந்தார்களாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பும் மாறியிருந்தது.

"கோவமா?" என்று அன்றைக்குத்தான் கேட்டார்.

"கோவம்னு இல்லீங்க." காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "வேணும்னா பண்ணீங்க? நீங்க ஒண்ணும் தொலையாம பாத்துக்கணும்னுதான் பண்ணீங்க."

நறுக்கியதைத் தட்டில் தள்ளினாள்.

"அந்த லேப்டாப்ல இருந்து உங்க ஃபோல்டர எடுத்துடுங்க. இனிமே என்னோடத நானே வெச்சுக்கறேன்."

"திரும்ப அப்படி ஆகாத மாதிரி ஒண்ணு செய்யலாம். சர்வர் இல்லன்னா எழுதவே விடாம..."

"எடுத்துடுங்க" என்றாள். சொரசொரத்த அந்தக் குரலில் அது கெஞ்சலா கண்டிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பழைய குரலில் தெரிந்திருக்கும்.

லேப்டாப்பின் அமைப்பில் ஒரே ஒரு வரியை நீக்கினால் போதும். நீக்கினார். காலி ஃபோல்டரையும் அழித்தார். அதற்குமுன் அடியில் ஏதாவது இருக்கிறதா என்று திறந்து பார்த்தார்.

மறுநாள் காலை அவள் மெத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெத்தைகள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டன. அவரே வைத்தவை; நன்றாக வைத்திருந்தார். உள்ளே ஓநாய் என்ன சொல்லிக்கொண்டிருந்ததென்று அவருக்குக் கேட்கவில்லை. அதை எங்கே சேமிக்கப்போகிறாள் என்று அவர் கேட்கவும் இல்லை.