விரல் எடுக்காத கடைசிச் சுரம்

ஐயப்பன்தாங்கல் டெப்போவில் நின்றுகொண்டிருந்தபோது சுகன்யா அழைத்தாள். "அப்பா போயிட்டாருண்ணா" என்றாள். வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அது அவர்கள் வீடு இருக்கும் முத்தாபுதுப்பேட்டைக்கு நேர் எதிர்த்திசையில் போகும் பஸ் என்பது வடபழனி வந்த பிறகுதான் உறைத்தது.

அம்பத்தூர், ஆவடி வட்டாரக் கோயில் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்த குணசேகரன் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்றபடியே அடுத்த பாட்டுக்குச் சுருதி சொல்வாரே, அவர்தான். நான் அவரை அறிந்தது மேடை ஓய்ந்த பிறகு. பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப்போயிருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு என்று யாரோ சொல்லி, ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

அவர் வீட்டுக் கூடத்தில், துணி போர்த்திய பழுப்பேறிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு மிடி கார்டு. கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைப்பது அதுதான். மகள் சுகன்யா கைக்குழந்தையாக இருந்தபோது அவர் கட்டிய தாலாட்டு அந்தப் பெட்டியில் பதிந்திருந்தது. கார்டு ஒத்துழைக்காமல் அதைத் திறக்க முடியாது. திறக்கப் போனால் திரை அப்படியே உறைந்துவிடும்.

"அது சத்தத்தப் புடிச்சி வெக்காது மாமே. எந்தக் கட்டைய தொட்டேன், எம்மாம் அழுத்தினேன், எப்போ வுட்டேன், அத்தத்தான் வெச்சிக்கும். என் பழைய கை உள்ள கீது. பாப்பா புள்ள பெத்து வரசொல்லோ அந்தக் கை வாசிக்கணும். இந்தக் கைக்கு இனிமே வராது."

மடங்கிய கையைக் காட்டி அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஞாயிறு மதியங்களில் போவேன். கொய்யா மர நிழல் ஜன்னல் வழியே தரையில் அசைந்துகொண்டிருக்கும். மின்விசிறி ஒரு பக்கமாக முனகும். பாதித் தூக்கத்தில் வேலை பார்ப்பது போலவே இருக்கும். கேபிளை மாற்றினேன். கார்டைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினேன். அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். ஒன்றும் பலிக்காமல், "இத எடைக்குப் போட்ரலாம்ணே" என்று எரிந்து விழுவேன். "காபி சாப்ட்டுட்டுப் போடு" என்பார். மனிதருக்குக் கோபமே வராது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஒருநாள் கார்டை ஜன்னல் வெயிலில் திருப்பிப் பார்த்தேன். எந்த எண்ணில் கம்ப்யூட்டரோடு பேசுவது என்று கார்டுக்குச் சொல்ல, நெருக்கமாக நிற்கும் ஊசிகளில் சிறு மூடியைச் செருகுவார்கள். அந்த ஊசிகளைச் சுற்றி மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் பச்சைக் களிம்பு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

"அண்ணே, இது என்ன?"

"ஆய்த பூஜைக்கு வெச்சது. வருஷா வருஷம் பொட்டியத் தொறந்து எல்லாத்துக்கும் பொட்டு வெப்பேன். உள்ள கீறவன்தான உழைக்கிறான்? மூடிக்குப் பொட்டு வெச்சி இன்னா பிரயோஜனம்?"

"பூஜை தப்பில்லண்ணே. வச்ச எடம்தான் தப்பு."

"சாமி தாங்கிக்கிச்சி. கார்டு தாங்கல" என்றார்.

பழைய பல்துலக்கியால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவைத்து, மறுபடி செருகினேன். பாட்டு திறந்தது. யாரும் தொடாத கீபோர்டிலிருந்து ஆர்கன் ஒலியில் அந்தத் தாலாட்டு மெல்ல நடந்து வந்தது. ஓரிடத்தில் தயங்கி, தப்பான கட்டையைத் தொட்டு, சரியானதற்கு நழுவியது. அண்ணனின் இடது கை, தன் வலது கையைத் தடவிக்கொண்டிருந்தது.

கடைசிச் சுரம் வந்தது. வந்தது நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போயிற்று. விரல் எடுத்த செய்தி கார்டில் தொலைந்தால் இப்படிச் சுரம் மாட்டிக்கொள்ளும். இன்னும் களிம்பு மிச்சம் இருக்கிறது என்று அலுத்துக்கொண்டே சுவிட்சுக்குக் கை நீட்டினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வுடு மாமே. கோளாறு இல்ல. அப்போ பாப்பா மடியில தூங்கிட்டா. சத்தம் நின்னா முழிச்சிக்குவான்னு அப்டியே அழுத்திகினு குந்தியிருந்தேன்."

பேறுகாலம் முடிந்து சுகன்யா குழந்தையோடு ஊரிலிருந்து வரும்வரை அவர் இருக்கவில்லை. கருமாதி முடிந்த பகலில், உறவினர்கள் போன பிறகு, சுகன்யா கூடத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்டுவிட்டுப் பெட்டியைப் போட்டேன். தயங்கும் இடத்தில் அவள் அழுதாள். குழந்தை உறங்கிப்போனது. கடைசிச் சுரம் இழுக்கத் தொடங்கியதும், "மாட்டிக்கிச்சாண்ணா?" என்று எழப் போனாள். அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். எழாமல் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி அவளிடமே இருக்கிறது. சுரண்டியெடுத்த சந்தனத் துணுக்கு ஒன்றை நான் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். எதையும் சட்டென்று கோளாறு என்று சொல்லிக் கை வைக்கும் என் அவசரத்தை அது தடுக்கிறது. அன்று பகல் நாங்கள் இருவரும் அசையாமல் காத்திருந்தோம். என்றோ ஒருநாள் அவர் விரலை எடுத்த அந்தக் கணம் வந்தபோது சுரம் நின்றது. குழந்தை விழிக்கவில்லை.