கதவுக்குப் பின்னால் ‘அணைச்சாச்சு’

இது எனக்கு நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேய் என்று எவனாவது ஆரம்பித்தாலே, வேலைவெட்டி இல்லாதவன் என்று எழுந்து போகிற ஆள் நான். பதினாலு வருஷமாகக் குவைத்தில் மின்சார அடுப்பு பழுதுபார்க்கிறேன். பேயைவிட மோசமான சமையலறைகளைப் பார்த்தாச்சு.

ரமலான் மாதம். ஹவல்லி பகுதியில் ஒரு நாலாவது மாடி வீடு. அடுப்பின் காயில், அதாவது சூடேற்றும் கம்பிச்சுருள், சூடாகவில்லை என்று அந்த வீட்டு மகன் ஸுஹைப் கூப்பிட்டிருந்தான், முப்பது வயசு இருக்கும். நோன்பு திறக்க 6:04. அதற்குள் சூப் கொதிக்க வேண்டுமாம். அடுப்பைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பால் பொங்கி வழிந்து தார் மாதிரி காய்ந்து கிடக்கிறது. இந்த லட்சணத்தில் காயிலைக் குறை சொல்கிறார்கள்.

“உஸ்தா, அடுப்புக்குக் கரண்டை நிறுத்துற பிரேக்கர் உள்நடையில இருக்கு. அம்மா அங்கதான் படுத்திருக்காங்க. தொழுதுட்டு வந்து நானே அணைக்கறேன். அதுவரைக்கும் தொடாதீங்க.”

“சரி சரி, போ.” மேஸ்திரியை இங்கே உஸ்தா என்பார்கள்.

பெண்கள் இருக்கும் பக்கம் நாங்கள் போவதில்லை. சமையலறையில் நின்று குரல் கொடுப்போம். உள்ளே இருக்கிற பெண் பிரேக்கரை அணைத்துவிட்டுச் சொல்வாள். அந்தச் சொல்லை நம்பித்தான் கம்பியில் கை வைப்போம். டெஸ்டர் வண்டியிலேயே கிடந்தது. அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று ஒரு திமிர் எனக்கு.

4:31. மேல்மூடியைக் கழற்றினேன். காயில் செத்திருந்தது. மெயின் கம்பியின் முனையும் கருகியிருந்தது, அதையும் கழற்ற வேண்டும். தொழப் போன ஸுஹைபைக் காணோம். இன்னும் மூன்று வீடு பாக்கி. எத்தனை நேரம் நிற்பது?

மூடியிருந்த உள்கதவைப் பார்த்துக் கத்தினேன்.

“அம்மா, அடுப்பு பிரேக்கரை அணைங்க. அணைச்சாச்சா?”

“அணைச்சாச்சு.”

பதில் உடனே வந்தது. எழுந்து நடந்த சத்தம் இல்லை. பிரேக்கர் விழும் ‘டக்’கும் இல்லை.

அப்புறம் சுவரில்... டொக். டொக். டொக்.

சீக்கிரம் முடி என்று விரட்டுகிறாளாக்கும். படுத்துக்கொண்டே அதிகாரம் பண்ணுவதில் இந்த அம்மாக்களை மிஞ்ச ஆளில்லை.

4:38. ஸ்குரூவைத் தளர்த்தக் குனிந்தேன். ஏனோ மனசு கேட்கவில்லை.

“நிஜமா அணைச்சீங்களா?”

“அணைச்சாச்சு. தொடு.”

குரல் இப்போது கதவுக்கு மிக அருகில்... தரையோடு தரையாக.

டொக் டொக் டொக் டொக். அது மட்டும் தூரத்துச் சுவரில்.

குனிந்தபடியே கதவைப் பார்த்தேன்.

“சுவரைத் தட்டுறது யாரு?”

“யாரும் தட்டலையே...”

தட்டல் நிற்கவில்லை.

4:41. இந்தத் தடவை நான் கேள்வியே கேட்கவில்லை.

“அணைச்சாச்சு. கை வை.”

ஸ்குரூடிரைவர் கையிலிருந்து நழுவி, மெயின் கம்பிக்கும் அடுப்பின் தகரத்துக்கும் நடுவில் விழுந்தது.

டப்!

நீலத் தீப்பொறி. கருகல் வாடை. கம்பியில் கரண்ட் இருந்தது.

கதவுக்குப் பின்னால் யாரோ... மெதுவாக மூச்சு விட்டார்கள்.

வாசலுக்கு ஓடிப்போய் நின்றேன். 4:50க்கு ஸுஹைப் வந்தான். என் பயத்தையெல்லாம் அவன் தலையில் கொட்டினேன்.

“உங்கம்மாவுக்கு என்ன கேடு? அணைச்சாச்சு, தொடுன்னு மூணு தடவை சொல்றாங்க. நான் செத்திருப்பேன்.”

அவன் முகம் வெளுத்தது.

“அம்மாவா சொன்னாங்க?”

“பின்னே நானா?”

அவன் போய் உள்கதவைத் திறந்தான். கதவுக்குப் பக்கத்தில் யாருமில்லை. நடையின் கடைசியில் இருந்த கட்டிலில் ஒரு பெண்மணி. கழுத்தில் ஓட்டை, அதில் குழாய். மோதிரம் போட்ட விரலால் இன்னும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம்.

“புத்துநோய். குரல்வளையையே எடுத்து எட்டு மாசம் ஆச்சு, உஸ்தா. அவங்களால பேச முடியாது. வேண்டாம்னா சுவரைத் தட்டுவாங்க.”

அவன் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

“அப்பா இதே அடுப்புலதான் கரண்ட் அடிச்சுப் போனார். ரெண்டு வருஷம் ஆச்சு. நான் பக்கத்துல நின்னேன். ‘அணைச்சாச்சு, தொடு’ன்னு உள்ளேயிருந்து அம்மா குரல் வந்துச்சு. ‘நான் சொல்லவே இல்லைடா’ன்னு குர்ஆன்மேல சத்தியம் பண்ணினாங்க. நான் நம்பலை. நீங்கதான் அப்பாவைக் கொன்னீங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்களுக்குப் பேச்சு இருந்த வரைக்கும், அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசலை.”