கலுங்கில் அடுக்கிய மூட்டைகள்

பாலவனத்தத்திலிருந்து நரிக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த நாகஜோதி, அந்த ஊர்க் கண்மாய் நிறைந்து பார்த்ததே இல்லை. சீமைக்கருவேலும் ஆடுகளும்தான் அதில் உண்டு. தினமும் கரைமேல் நடந்துபோய் மில் பஸ் ஏறுவாள்.

அந்த மார்கழியில் மழை விடவில்லை. பஸ்ஸும் வரவில்லை. காலையில் குடையோடு கரையேறியவள் அப்படியே நின்றுவிட்டாள். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. மர உச்சிகள் மட்டும் மிதந்தன. தான் நிற்கிறோமா, தானும் மிதக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மடை பார்க்கும் மருதுபாண்டி கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. மண்கரையின் வெளிப்புறம் தண்ணீர் கலங்கலாகக் கசிந்துகொண்டிருந்தது. நேர் கீழே கிழக்குத் தெரு. மிகுந்த தண்ணீர் வழிந்தோடக் கட்டிய கலுங்கின் மேல், வறட்சிக்குப் பயந்து ஊரே மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தது. அவற்றை எடுத்தால் கரை தப்பும். ஆனால் வெள்ளம் முதலில் பாய்வது நாகஜோதியின் மிளகாய்ப் புஞ்சையில். செடிகள் பூப்பிடித்திருந்த நேரம்.

கூடியிருந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். கணவன் பாண்டிராஜ் தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார் மருதுபாண்டி. போன் கிடைக்கவில்லை. கீழே ஏதோ ஒரு வீட்டில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"அவுக வர்ற வரைக்கும் கரை தாங்காதுண்ணே. எடுத்துருவோம்" என்று முதல் மூட்டையை அவளே இழுத்தாள்.

தண்ணீர் முதலில் கண்ணாடிபோல் மெல்லச் சரிந்தது. பிறகுதான் இரைச்சல் எழுந்தது. செடிகள் வரிசையாகத் தலைசாய, வெள்ளைப் பூக்கள் பிரிந்து சுழன்று போயின. அழுகை வரவில்லை. தூக்கத்தில் யாருடைய நிலத்தையோ பார்ப்பதுபோல் நின்றாள். எடுத்த மூட்டைகளையே கசிவைச் சுற்றி அடுக்கினார்கள். கண்மாய் மட்டம் இறங்க இறங்க, கசிவு தெளிந்து மெலிந்தது.

மறுநாள் வந்த பாண்டிராஜ் புஞ்சை ஓரத்தில் நின்றான்.

"நீயாவா சொன்ன?"

"ஆமா."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சாய்ந்த செடி ஒன்றை நிமிர்த்திப் பார்த்தான். அது வேரோடு கையில் வந்தது. கிழக்குத் தெரு ஆட்களில் யாரும் காயம்பட்டார்களா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றாள்.

கலுங்கில் பிறகு யாரும் மூட்டை அடுக்கவில்லை. தையில், படிந்திருந்த வண்டலில் இருவரும் உளுந்து விதைத்தார்கள். சுமாராக விளைந்தது.