தேவானையம்மாவின் நாக்கு

தேவானையம்மா வண்ணத்தாளின் மூலையில் ஒரு துணுக்கைக் கிழித்து நாக்கில் ஒட்டிக்கொள்கிறார். கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்துவிட்டு உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கிறார். சாயமே விடாத தாள் இந்த ஊரில் இல்லை. குறைவாக விடுவதை வைத்துக்கொள்வார், மற்றதைத் திருப்பி அனுப்புவார். நீலம் புளிக்குமாம். மஞ்சள் தொண்டைவரை போகுமாம். ஈரத்துணியில் தேய்த்தால் போதாதா என்று கேட்டேன். "துணி பொய் சொல்லும் சார்" என்றார்.

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்சந்தில், ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்குக் கீழே அவருடைய பைண்டிங் கடை. கல்லூரி ப்ராஜெக்ட்தான் வருமானம். ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் கொண்டுவருகிறவர்கள்மேல் தனிப் பிரியம். முழுக்கப் படிக்காமல் தைக்க மாட்டார். அதனால் எதுவும் சொன்ன நாளில் கிடைக்காது. எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் கணவர் பொன்னுரங்கம் டீ கொண்டுவரும்போதெல்லாம் கேட்பார்: "நாக்கக் காட்டு மே, இன்னிக்கு இன்னா கலருன்னு பாக்கலாம்." அவரும் முகம் மாறாமல் நீட்டுவார்.

கதையில் ஒரு வாரம் விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் வண்ணத்தாள் வைத்துத் தைப்பது அவர் வழக்கம். "பழைய பேப்பர் கடையில கெடைக்கும்னா பச்சை. கெடைக்கவே கெடைக்காதுன்னா ரோஸு." கிடைத்ததும் பச்சையின்மேல் ஒட்டிக்கொள்ளலாம். ரோஸ் அப்படியே இருக்கும்.

என் மனைவி ஷீலா சேர்த்துவந்த தொடர்கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐப்பசியில் அவள் இறந்த பிறகு அதைக் கிழித்துவைக்க ஆளில்லை. பத்திரிகையில் கதை இன்னும் முடியவில்லை.

அடுத்த தடவை போனபோது தேவானையம்மா கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதையில அந்தப் பொண்ணு கோர்ட்டுல கூண்டுல ஏறி நின்னுச்சு. இன்னா சொல்லிச்சின்னு இல்ல. மீதி எங்க சார்?"

படிக்கிறவள் போய்விட்டாள், பத்திரிகையையும் நிறுத்திவிட்டேன் என்றேன். கடைசியில் ரோஸ் தாள் வைத்து அட்டை போட்டுவிடச் சொன்னேன்.

"அவங்க போய்ட்டாங்க. கதை வந்துகினுதான கீது?"

ரோஸே போதும் என்றேன். தலையை ஆட்டினார். வண்ணத்தாள் கட்டை இறக்கி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கிழிக்கும் சத்தம் கேட்டது.

பொன்னுரங்கம் டீயோடு வந்தார். வழக்கம்போல நாக்கைக் காட்டச் சொன்னார்.

தேவானையம்மா திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நீட்டினார். பச்சை.