திருப்பி வாங்கிய மீன் றோல்ஸ்

புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டுக் குசினியில்தான் நானும் மச்சாளும் சிற்றுண்டி செய்து விற்கத் தொடங்கினோம். மச்சாள் என் கணவரின் தங்கை. அவளுடைய கைக்கு ருசி இருந்தது. எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்திருந்தது. அவள் பொரிப்பாள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதலில் பக்கத்து ரியூசன் வகுப்புக்கு மட்டும் மீன் றோல்ஸ். பிறகு பஸ் நிலையத்தடியில் தேநீர்க் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் ஒருவர் கேட்டார். பிறகு பிறந்தநாள் வீடுகள். கொஞ்சக் காலத்திலேயே, றோல்ஸ் எங்கே வாங்கலாம் என்று யாராவது கேட்டால் எங்கள் படலையைக் கை காட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு தாய் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அவருடைய மகன் அந்த ரியூசனில் படிக்கிறவன். சண்டை பிடிக்க வந்த முகமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தங்கச்சி, நேற்றுப் பின்னேரம் ரியூசனிலை உங்கட றோல்ஸ் திண்டவன். விடியவிலயிருந்து சத்தி, வயித்தாலையும் போகுது. ஆஸ்பத்திரியிலை மறிச்சு வச்சிருக்கினம். அவன்ரை வகுப்பிலை இன்னும் ரெண்டு மூண்டு பிள்ளையளுக்கும் அப்பிடித்தானாம்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நான் உங்களைப் பேச வரேல்லை. இண்டைக்குச் செய்ததும் அதே மீனோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

ஓம் என்றேன். அதே மீன்தான். முதல்நாள் செய்த மீன்கறியில் பாதியைப் பிரிட்ஜில் வைத்து, அன்று காலை அதைத்தான் உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரித்திருந்தோம். ஒரு தட்டு தேநீர்க் கடைக்குப் போய்விட்டது. ஒரு பெரிய பெட்டி முள்ளியவளையில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு. பிறந்தநாள் ஒரு சின்னப் பிள்ளைக்கு. பின்னேரம் அங்கே வரப்போகிறவர்களும் சின்னப் பிள்ளைகள்தான்.

அந்தத் தாய் போனதும் நான் ஸ்கூட்டித் திறப்பை எடுத்தேன். மச்சாள் வாசலில் வந்து நின்றாள்.

"எங்கை போறியள் அண்ணி?"

"எல்லாத்தையும் திருப்பி எடுக்கப் போறன்."

"நேற்று நாங்களும்தானே திண்டனாங்கள். எங்களுக்கு என்ன வந்தது? ஒண்டும் தெரியாமல் நாங்களே போய்ச் சொன்னால், ஓம் எங்கட சாப்பாடுதான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. பிறகு ஆர் எங்களிட்டை வாங்குவினம்?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் வயிறு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தால், தெரியவரும்போது அந்தப் பெட்டி காலியாகியிருக்கும்.

"தெரிஞ்ச பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?" என்று மட்டும் சொன்னேன். அவள் வழிவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விட்டாள்.

பிறந்தநாள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. முதலில் தேநீர்க் கடைக்குப் போனேன், அது வழியில்தான் இருந்தது. கடையில் ஆட்கள் இருந்தார்கள். நானாவைப் பக்கத்தில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தட்டை அப்படியே எடுத்துத் தந்தார்.

"கொஞ்சம் வித்துப் போச்சு தங்கச்சி. வாங்கினது ஆரெண்டு எனக்குத் தெரியும். நான் கோல் எடுத்துச் சொல்றன். நீங்க மத்த இடத்துக்குப் போங்க."

முள்ளியவளை வரைக்கும் ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வழியில் இரண்டு தடவை நிறுத்தித் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். பதில் இல்லை. அந்த வீட்டுக்கு முன்னால் போய் இறங்கியபோது உள்ளே பாட்டுச் சத்தம். பலூன் கட்டிய பந்தலுக்குள் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் காகிதத் தட்டுகளில் கேக்கும் றோல்ஸும் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் சத்தமாகச் சொன்னேன். வேறு வழியில்லை. "றோல்ஸைக் குடுக்காதையுங்கோ. அதிலை ஏதும் பிழை இருக்கலாம்."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். ஒரு சின்னப் பெண்பிள்ளை ஏற்கெனவே பாதி கடித்திருந்தாள். அவளுடைய தாய் பாய்ந்து வந்து கையிலிருந்ததைத் தட்டிவிட, பிள்ளை அழத் தொடங்கினாள். வீட்டுக்காரி என்னிடம் வந்தார்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை வந்து சொல்லுறீங்கள். காலமை தரேக்கை தெரியேல்லையோ?"

நான் தட்டுத் தட்டாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் கை கொடுக்கவில்லை. பாதி கடித்த பிள்ளையின் தாயிடம் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டபோது, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், என் றோல்ஸ் இதுதான், சோதித்துப் பாருங்கள் என்று கொடுத்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அன்று பொழுதுபடுவதற்கு முன் எங்கள் குசினிக்கு வந்தார். பிரிட்ஜில் மிச்சமிருந்த கறியை எடுத்தார், கிணற்றுத் தண்ணீரை எடுத்தார், சட்டி பானை எல்லாவற்றையும் பார்த்தார். அவர் கேட்டதற்கு மட்டும் மச்சாள் பதில் சொன்னாள். என்னோடு கதைக்கவில்லை.

முடிவு வரும்வரை அடுப்பு மூட்டவில்லை. அந்தப் பெண்பிள்ளையின் தாய்க்குக் காலையும் மாலையும் தொலைபேசி எடுப்பேன். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த நாட்களில் எழும்பினேன் என்று நினைக்கிறேன்.

கடைசியில் பிழை ரியூசனின் தண்ணீர்த் தாங்கியில் இருந்தது. மூடி உடைந்து, உள்ளே பறவை எச்சமும் குப்பையும் விழுந்திருந்தன. றோல்ஸைத் தொடாத பிள்ளைகளுக்கும் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்திருந்தன. பிள்ளைகள் எல்லோரும் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் கறியில் ஒன்றும் இல்லை.

அதைச் சொல்ல வந்த பரிசோதகர் போகும்போது படியில் நின்று கேட்டார்: "கறியைச் சூட்டோடை பெரிய சட்டியோடையே பிரிட்ஜுக்கை வைக்கிறனீங்களோ?"

மச்சாள் ஓம் என்றாள்.

"நடுவிலை சூடு கனநேரம் நிக்கும். அதுக்குள்ளைதான் கிருமி வளரும். இந்த முறை தப்பிட்டீங்கள். அகலத் தட்டிலை பரவி, ஆறினவுடனை வையுங்கோ."

நல்ல செய்தி சொல்ல வந்த மனிதர்தான். ஆனால் அவர் போன பிறகு இரண்டு பேரும் கதிரையில் இருந்துவிட்டோம். பிழை எங்களுடையது இல்லை என்பது ஒரு சந்தோஷம். இன்னொரு நாள் எங்களுடையதாக இருந்திருக்கும் என்பது வேறொன்று. தொழில் தொடங்கியவர்களிடம் நான் இன்றைக்கும் சொல்வது அந்த அகலத் தட்டு விஷயத்தைத்தான். ருசி, விலை எல்லாம் பிறகு.

நாங்கள் திருப்பி எடுத்த செய்தி ஊர் முழுக்கப் போனது. தாங்கிச் செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை. கனகாலம் படலை திறக்கப்படும் சத்தமே இல்லை. பிறந்தநாள் வீட்டுக்காரி பிறகு எங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். முதலில் திரும்பவும் கேட்டது தேநீர்க் கடை நானாதான். அடுத்ததாக, சைக்கிளில் வந்த அந்தத் தாய்.

நான் செய்தது சரி என்று மச்சாள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் போன மாரி மழைக் காலத்தில் ஒருநாள் மின்சாரம் நின்று நெடுநேரம் வரவில்லை. பிரிட்ஜுக்குள் அடுத்தநாளுக்கான கறி இருந்தது. நான் வாய் திறக்க முதலே அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"நானா, நாளைக்கு றோல்ஸ் இல்லை. கரண்ட் நிண்டிட்டுது, கறியைக் கொட்டப்போறம்."

பிறகு கறியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். நான் குழி வெட்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.